உங்கள் தரவுத்தளத்துக்கு வாவி தெரியுமா? போஸ்ட்ஜிஐஎஸ் ஆரம்பப் பாடம்

மட்டக்களப்பு மாவட்டத்து மருந்தகங்களின் பட்டியல் கையில் இருக்கிறது. நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து 5 கிலோமீற்றருக்குள் இருப்பவை எவை என்று தெரிய வேண்டும். பலரும் அகலக்கோட்டுக்கு ஒரு நிரல், நெடுங்கோட்டுக்கு ஒரு நிரல் என்று வெறும் எண்களாகப் போட்டுவிடுகிறார்கள். சேமிக்க அது போதும், தேடத்தான் திண்டாட வேண்டும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமும் அதன் இலவச நீட்சியான போஸ்ட்ஜிஐஎஸ்ஸும் இந்த வேலைக்கென்றே இருக்கின்றன. கட்டளைப் பெயர்களை இங்கே ஒலிப்பின்படி தருகிறேன். தட்டச்சில் ஆங்கில எழுத்துகள்தாம்.

படி 1: 'கிரியேட் எக்ஸ்டென்ஷன் போஸ்ட்ஜிஐஎஸ்'. ஒரு தரவுத்தளத்துக்கு ஒருமுறை.

படி 2: அட்டவணையில் பெயர், முகவரியோடு 'இடம்' என்றொரு நிரல் சேருங்கள். அதன் வகை ஜியோமெட்ரியா, ஜியோகிராஃபியா? ஜியோமெட்ரி உலகைத் தட்டையாகக் கருதும். 4326 என்ற வழக்கமான ஆள்கூற்று முறையில் தூரம் கேட்டால் பாகையில் விடை தரும். 0.03 பாகை என்றால் யாருக்குப் புரியும்? நம் பகுதியில் அது ஏறக்குறைய 3.3 கிலோமீற்றர். ஜியோகிராஃபி பூமியின் வளைவையும் கணக்கில் எடுத்து மீற்றரில் சொல்லும். சற்று மெதுவானதுதான், ஆனால் ஒரு மாவட்டத்துத் தரவில் அது உறைக்காது. அதையே எடுங்கள்.

படி 3: எஸ்டி_மேக்பொயின்ட் கொண்டு புள்ளிகளை நுழைத்து, எஸ்டி_செட்எஸ்ஆர்ஐடி மூலம் 4326ஐக் குறியுங்கள். நெடுங்கோடுதான் முதலில்: மட்டக்களப்பு நகருக்கு 81.70, 7.71. பள்ளிக்கூடத்தில் பழகிய வரிசைக்கு இது நேர்மாறு. மாற்றிக் கொடுத்தாலும் பிழைச்செய்தி வராது, 81 பாகையும் செல்லுபடியான அகலக்கோடுதானே! காத்தான்குடி மருந்தகம் சத்தமில்லாமல் ஆர்க்டிக் சமுத்திரத்துக்குக் குடிபெயர்ந்துவிடும்.

படி 4: 'இடம்' நிரலுக்கு, தேடலை விரைவாக்கும் ஜிஸ்ட் சுட்டி ஒன்றை உருவாக்கி, எஸ்டி_டிவிதின் மூலம் 5000 மீற்றர் என்று தேடுங்கள். எஸ்டி_டிஸ்டன்ஸ் 5000ஐவிடக் குறைவா என்று கேட்டாலும் அதே விடைதான். ஆனால் அது சுட்டியைத் தொடாமல் ஒவ்வொரு நிரையாக அளந்துகொண்டிருக்கும்.

படி 5: இனித்தான் நம்மூர்ச் சிக்கல். குருமண்வெளித் துறையில் நின்று தேடினால் மண்டூர் மருந்தகம் முன்னுக்கு வந்து நிற்கும். ஆனால் இடையில் மட்டக்களப்பு வாவி. அதன் கிழக்குப் பக்கமான எழுவான்கரையிலிருந்து மேற்குப் பக்கமான படுவான்கரைக்குப் போகப் பாதைப்படகு வர வேண்டும், அல்லது பட்டிருப்புப் பாலத்தால் சுற்ற வேண்டும். தரவுத்தளம் பறவை பறக்கும் தூரத்தை மட்டுமே அறியும்.

ஆகவே வாவியையும் சேமியுங்கள். இலவச உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மெப்பிலிருந்து அதன் எல்லையைப் பல்கோணியாக எடுத்து வேறொரு அட்டவணையில் வையுங்கள். பிறகு இரு புள்ளிகளையும் ஜியோமெட்ரியாக மாற்றி, எஸ்டி_மேக்லைன் மூலம் கோடு போட்டு, அது வாவியை வெட்டுகிறதா என்று எஸ்டி_இன்டர்செக்ட்ஸிடம் கேளுங்கள். வெட்டினால் 'வாவிக்கு அப்பால்' என்று குறியுங்கள், நீக்கிவிடாதீர்கள். கல்லடிப் பாலத்தருகேயும் கோடு வாவியை வெட்டும், ஆனால் அங்கே கடப்பது நிமிடக் கணக்கு.

உண்மையான பயணத் தூரம் வேண்டுமென்றால் வீதி வலையோடு, அதில் வழி கண்டுபிடிக்கும் பிஜிரவுட்டிங் நீட்சியும் தேவை. வீதி வலையில் பாதைப்படகு ஓடும் வழியையும் ஒரு கோடாகச் சேருங்கள். ஒவ்வொரு கோட்டையும் கடக்க ஆகும் 'செலவு' நிரலை மீற்றரில் அல்லாமல் நிமிடத்தில் நிரப்பி, துறையில் காத்திருக்கும் நேரத்தையும் கூட்டிவிடுங்கள்.