அல்போன்ஸ் பெனோவின் 1871 விமானத்தை நாமே செய்து பறக்கவிடும் முறை

1871 ஆகஸ்ட் 18 அன்று, பாரிசின் துய்லெரி பூங்காவில், அல்போன்ஸ் பெனோ என்ற 21 வயது இளைஞர் வான்பயணச் சங்கத்தினர் பார்த்துக்கொண்டிருக்க, முறுக்கிய ரப்பரால் இயங்கும் ஒரு சிறு விமானத்தைக் கையிலிருந்து விட்டார். அரை மீட்டர் நீளமும் ஏறத்தாழ 16 கிராம் எடையும் கொண்ட அந்த மாதிரி, சுமார் 11 விநாடிகள் தானாகவே சமநிலை காத்துப் பறந்தது. அதற்கு அவர் வைத்த பெயர் ‘பிளானோஃபோர்’. அதே அமைப்பில் ஒரு மாதிரியைச் செய்து, அது ஏன் கவிழாமல் பறக்கிறது என்பதைக் கையாலேயே சோதித்துப் பார்க்கும் வழி இங்கே சொல்லப்படுகிறது.

பெனோ ஒரு கடற்படைத் தளபதியின் மகன். இடுப்பு மூட்டு நோயால் கடற்படையில் சேர முடியாமல்போன அவர் பறத்தல் குறித்த ஆராய்ச்சிக்குத் திரும்பினார். 1870-இல் எதிரெதிர்த் திசையில் சுழலும் இரு விசிறிகளைக் கொண்ட ரப்பர் ஹெலிகாப்டர் பொம்மையை உருவாக்கினார். அவ்வகைப் பொம்மை ஒன்றைத்தான் 1878-இல் ரைட் சகோதரர்களுக்கு அவர்களுடைய தந்தை வாங்கிவந்து கொடுத்தார். 1876-இல் போல் கோஷோ என்பவருடன் சேர்ந்து, நீரிலும் நிலத்திலும் இறங்கக்கூடிய பெரிய விமானம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். உள்ளிழுக்கும் சக்கரங்கள், கண்ணாடிக் கூண்டுக்குள் விமானியின் இருக்கை, ஒரே கைப்பிடியால் இயங்கும் கட்டுப்பாடு ஆகியவை அந்த வரைபடத்திலேயே இருந்தன. அதைக் கட்டப் பணம் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும், போதிய அளவு இலேசான எஞ்சின் அன்று உலகில் எங்கும் இல்லை. 1880-இல், முப்பதாவது வயதில், அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

பலரும் அந்த 1876 வரைபடத்தையே வியந்து பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், அதைவிடப் பெரியது அவர் சிறு மாதிரியின் வாலை வைத்த கோணம்தான். ஆகவே செய்முறையில் மற்ற எதைச் சற்று மாற்றினாலும் வாலின் அமைப்பை மட்டும் மாற்ற வேண்டாம்.

தேவையானவை எளியவை: 50 செ.மீ. நீளமும் சுமார் 10 மி.மீ. உயரமும் 5 மி.மீ. அகலமும் உள்ள, பால்சா என்னும் மிக இலேசான மரத்தின் கட்டை ஒன்று, இறக்கைக்கு 1.5 மி.மீ. பால்சாத் தகடு, வாலுக்கு 1 மி.மீ. தகடு, மாதிரி விமானக் கடைகளில் தாங்கியோடு சேர்த்தே விற்கும் 15 செ.மீ. பிளாஸ்டிக் விசிறி, 3 மி.மீ. அகலமுள்ள தட்டையான ரப்பர் பட்டை, வெள்ளைப் பசை, நூல், ஒரு ஜெம் கிளிப், கொஞ்சம் விளையாட்டுக் களிமண். விசிறி வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில விசிறிகளில், ரப்பர் தளர்ந்த பிறகு விசிறி தனியே சுழல்வதற்காக அதன் குடத்தில் (அச்சு நுழையும் நடுப்பகுதியில்) சரிவான ஒரு வெட்டு இருக்கும். அத்தகையவை ஒரு திசையில் மட்டுமே பிடிப்பதால் நம் வேலைக்கு உதவா. பெனோவின் விசிறி பின்னால் இருந்து தள்ளுவது. கடையில் கிடைப்பதோ முன்னால் இருந்து இழுப்பது. அதைத் திருப்பி வாலுக்குப் பின்னே பொருத்தி, எதிர்த்திசையில் முறுக்கினால் அது தள்ளும். கொஞ்சம் திறன் குறையும், அவ்வளவுதான்.

இறக்கையை 45 செ.மீ. நீளமும் 10 செ.மீ. அகலமும் உள்ள செவ்வகமாக வெட்டுங்கள். மரத்தின் நார் நீளவாக்கில் ஓடட்டும். முன்விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து உருட்டையாக்குங்கள். பெனோ இறக்கையின் நுனிகளை மேல்நோக்கி வளைத்திருந்தார். பால்சாவை அப்படி வளைப்பதைவிட மடக்குவது எளிது: இரு முனைகளிலிருந்தும் 8 செ.மீ. தள்ளி, மேற்பரப்பில் அல்லாமல் அடிப்பரப்பில், பிளேடால் தகட்டின் பாதி ஆழத்துக்கு ஒரு கோடு கீறி, நுனியை மெல்ல மேலே தூக்குங்கள். கீறல் வாய் பிளந்து, மேற்புற நார் அறுபடாமல் நிற்கும். நுனிக்கு அடியில் 3 செ.மீ. உயரத்துக்கு ஏதேனும் முட்டுக் கொடுத்து, பிளவில் பசை விட்டு, இரவு முழுவதும் காயவிடுங்கள். அவசரப்பட்டு எடுத்தால் இரு நுனிகளும் வெவ்வேறு கோணத்தில் நின்றுவிடும். அப்படி நின்ற விமானம் நேராகப் பறக்காது.

வாலை 20 செ.மீ. நீளமும் 6 செ.மீ. அகலமுமாக வெட்டி, அதன் நுனிகளிலும் 4 செ.மீ. பகுதியை இதே முறையில் நன்றாகத் தூக்கிவிடுங்கள். செங்குத்துத் துடுப்பு இல்லாத குறையை இந்த நுனிகள் தீர்க்கும்.

கட்டையின் பின்முனையில் விசிறித் தாங்கியைச் செருகி, முன்முனைக்கு அருகில் கட்டையின் அடிப்பக்கத்தில் ஜெம் கிளிப்பை வளைத்துச் செய்த கொக்கியை நூலால் சுற்றிப் பசையிடுங்கள். ரப்பர் பட்டையில் ஒரு மீட்டர் எடுத்து, முனைகளைச் சேர்த்து முடிச்சிட்டு வளையமாக்கி, இந்தக் கொக்கிக்கும் விசிறி அச்சில் உள்ள கொக்கிக்கும் இடையில் மாட்டுங்கள். ரப்பரில் விளக்கெண்ணெயை மெல்லத் தடவினால் இழைகள் ஒன்றோடொன்று உரசி அறுவது குறையும். இயந்திர எண்ணெயும் மண்ணெண்ணெயும் ரப்பரைக் கெடுத்துவிடும். முறுக்கிய ரப்பரைத் தேர்ந்தெடுத்ததில் பெனோவின் கூர்மை தெரிகிறது: பல்சக்கரமோ சுருள்வில்லோ இல்லாமல், ஒரு குச்சியும் இரு கொக்கிகளும் போதும் என்று ஆக்கிவிட்டார்.

இறக்கையின் முன்விளிம்பு மூக்கிலிருந்து 22 செ.மீ. தொலைவில் வருமாறு, நகர்த்த வசதியாக, ரப்பர் வளையத்தால் கட்டையின்மேல் கட்டுங்கள். வாலை விசிறிக்குச் சற்று முன்னால் அதேபோல் கட்டுங்கள். இப்போதுதான் முக்கியமான வேலை வருகிறது: வாலின் பின்விளிம்புக்கும் கட்டைக்கும் இடையே இரண்டு தீக்குச்சித் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி, பின்விளிம்பைச் சுமார் 4 மி.மீ. உயர்த்துங்கள். பிறகு இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 3 செ.மீ. பின்னால் இருபுறமும் விரல்நுனியால் தாங்கிப் பிடித்து, விமானம் சமமாக நிற்கும்வரை மூக்கில் களிமண் ஒட்டுங்கள். பின்னால் விசிறி இருப்பதால் சில கிராம் தேவைப்படும்.

ரப்பரை முறுக்காமல், புல்தரையில், காற்றில்லாத காலை நேரத்தில், மூக்கைச் சற்றே தாழ்த்தி மெல்லத் தள்ளிவிடுங்கள். அலையலையாக ஏறி விழுந்தால் களிமண்ணைக் கூட்டுங்கள். செங்குத்தாகப் பாய்ந்தால் சிறிது கிள்ளி எடுங்கள். சீராக இறங்கத் தொடங்கியதும் தீக்குச்சிகளை உருவிவிட்டு ஒருமுறை விடுங்கள். மூக்கு தாழத் தாழ அது இன்னும் தாழுமே தவிர நிமிராது. களிமண்ணைக் குறைத்து ஒரு தடவை சரியாகப் பறக்க வைத்தாலும் அடுத்த வீச்சில் மூக்குக் குத்தும் அல்லது மல்லாந்துவிடும். தீக்குச்சிகளை மீண்டும் செருகுங்கள்: மூக்கு தாழ்ந்து வேகம் கூடும்போது, கோணலாக நிற்கும் வாலைக் காற்று முன்னிலும் வலுவாகக் கீழே அழுத்தும், மூக்கு நிமிரும், வேகம் குறைந்தால் அந்த அழுத்தம் தளர்ந்து மூக்கு தானே தாழும். பெனோ கண்டது இதைத்தான். அவருடைய பொம்மையோடு வளர்ந்த ரைட் சகோதரர்கள் 1903 விமானத்தில் ஏற்றத் தகட்டை (மூக்கை உயர்த்தவும் தாழ்த்தவும் உதவும் தகட்டை) முன்னால் வைத்தார்கள் என்பதையும், அந்த விமானம் விமானியின் கை ஓயாமல் சரிசெய்துகொண்டிருந்தால்தான் நேராகப் பறந்தது என்பதையும், பின்னாளில் பெரும்பாலான விமானங்கள் வாலைப் பின்னாலேயே வைத்துக்கொண்டன என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

சறுக்கல் சீரான பின் 50 சுற்று முறுக்குங்கள். விசிறியை ஒரு கணம் சுழலவிட்டு, காற்று பின்பக்கம் வீசுகிறதா என்று உள்ளங்கையை வைத்துப் பார்த்த பிறகே விமானத்தை விடுங்கள்; முன்பக்கம் வீசினால் முறுக்கிய திசை தவறு. நன்றாகப் பறந்தால் படிப்படியாக 250 சுற்றுவரை போகலாம். போதிய ஏற்றம் இல்லையென்றால் இன்னொரு ரப்பர் வளையம் சேர்க்கலாம். ரப்பர் முறுக்கில் பறக்கும்போது மட்டும் மூக்கு தூக்கி நின்றுபோனால், களிமண்ணைத் தொடாமல், விசிறியின் பின்முகம் சற்றே தரையை நோக்கும்படி தாங்கியைச் சாய்த்துவிடுங்கள். விசிறி சுழலும் திசைக்கு எதிர்ப்பக்கம் விமானம் சாய்ந்து வட்டமிடுவது இயல்பே. வட்டம் மிகவும் குறுகினால், தாழ்கிற இறக்கையின் பின்விளிம்பை வாயால் ஆவி ஊதி, 2 மி.மீ. அளவுக்குக் கீழே வளைத்து, ஆறும்வரை பிடித்திருந்தால் வட்டம் விரியும்.