பழைய பிரிட்டிஷ் இந்திய நோட்டைப் படிப்பது எப்படி?

பழைய நோட்டு கையில் கிடைத்ததும் எல்லாரும் கேட்பது "இது எவ்வளவுக்குப் போகும்?" என்றுதான். விலையை அப்புறம் பார்க்கலாம், முதலில் அது எந்தக் காலத்து நோட்டு, எந்த ஊர் நோட்டு என்று பார்த்துவிடுவோம்.

படி 1: திருப்பிப் பாருங்கள். 1861-ல் வந்த காகிதப் பணச் சட்டம், அதுவரை வங்காளம், பம்பாய், மதராஸ் மாகாண வங்கிகள் அடித்துவந்த நோட்டுகளை நிறுத்தி, அந்த உரிமையை அரசு கையில் கொடுத்தது. அரசின் தொடக்ககால நோட்டுகளில் ஒரு பக்கம்தான் அச்சு, பின்பக்கம் வெறுமையாக இருக்கும். இரண்டு பக்கமும் அச்சு இருந்தால் 1917-ல் வந்த ஒரு ரூபாய் நோட்டோ அதற்குப் பிந்தையதோ என்று தேடத் தொடங்குங்கள். முதல் உலகப் போரில் வெள்ளித் தட்டுப்பாடு வந்ததால்தான் அந்த ஒரு ரூபாயைக் காகிதத்தில் அடித்தார்கள்.

படி 2: படம் இருக்கிறதா? விக்டோரியா ராணி படம் போட்ட முதல் வரிசையில் கள்ள நோட்டுகள் புகுந்ததால் 1867-ல் அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அசல் மிக அபூர்வம், ஆகவே யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் சந்தேகப்படுங்கள்.

படி 3: வெளிச்சத்தில் பிடித்து நீர்க்குறி, அதாவது தாளுக்குள்ளேயே பதிந்திருக்கும் மங்கலான அடையாளம், தெரிகிறதா பாருங்கள்.

படி 4: ஊர்ப் பெயர். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான், அவசரப்படாமல் பாருங்கள். அன்றைக்கு நாடு நாணய வட்டங்களாகப் பிரிந்திருந்தது. கல்கத்தா, பம்பாய், மதராஸ், பிறகு லாகூர், கராச்சி, ரங்கூன் என்று அந்தந்த வட்டத்தின் பெயரோடு நோட்டு வந்தது, சட்டப்படி செல்லுபடியாவதும் அந்த வட்டத்துக்குள்தான். மதராஸ் நோட்டைக் கல்கத்தாவில் நீட்டினால் வாங்கியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் கிடையாது. ஒரே அரசின் நோட்டுக்கு இப்படி ஒரு எல்லை! 1903-ல் 5 ரூபாயில் தொடங்கி 1911-க்குள் 100 ரூபாய் வரைக்கும்தான் இந்தக் கட்டு தளர்ந்தது.

படி 5: நடுவில் வெட்டி ஒட்டிய தடம் இருக்கிறதா? இருந்தால் உடனே ஒதுக்கிவிடாதீர்கள். தபாலில் திருட்டுப் போகாமல் இருக்க நோட்டை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை முதலில் அனுப்பி, அது போய்ச் சேர்ந்த செய்தி வந்த பிறகே மறுபாதியை அனுப்புவார்கள். இதற்கு வசதியாக நோட்டின் எண் இரு பாதியிலும் இருக்கும். இரண்டு எண்களையும் ஒப்பிடுங்கள், வேறாக இருந்தால் அது இரண்டு நோட்டுகளின் பாதிகள், வாங்காதீர்கள்.