காலை உணவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: முதலில் உளுந்து

புதிதாகச் சமைக்கத் தொடங்குபவர்களுக்குக் காலை உணவு சொல்லிக்கொடுத்து வருகிறேன். வேலைக்காகச் சென்னைக்கு வந்து அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகள், புதுக்குடித்தனம் போனவர்கள், ஓய்வு பெற்ற பிறகு முதல்முறையாக அடுப்படிக்குள் வரும் அப்பாக்கள் என்று பலரும் வருகிறார்கள். ஆள் மாறினாலும் தவறு மாறுவதில்லை. தொடக்கத்தில் நான் எங்கெங்கே இடறினேனோ அங்கேயேதான் அவர்களும் இடறுகிறார்கள். அதனால்தான் இதை எழுதி வைக்கத் தோன்றியது.

உப்பு கூடிப்போவது, பால் பொங்கி வழிவது, முதல் தோசை கல்லில் ஒட்டிக்கொள்வது பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை. அவை ஒருமுறை நடந்தால் யாரும் சொல்லாமலே சரியாகிவிடும். ஏன் நடந்தது என்றே தெரியாமல் திரும்பத் திரும்ப நடப்பவற்றைத்தான் சொல்ல வேண்டும்.

உளுந்தை அவசரமாக அரைப்பது

"அக்கா, மாவு பொங்கவே இல்லை. கொஞ்சம் சோடா போட்டுக்கட்டுமா?"

இந்தக் கேள்வி காலையில்தான் வரும். அப்போது செய்வதற்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது. முந்தைய நாள் சாயங்காலம் உளுந்து அரைத்தபோதே தவறு நடந்து முடிந்திருக்கும்.

வேலையிலிருந்து களைத்துப்போய் வருகிறார்கள். அரிசியும் உளுந்தும் ஒரே பாத்திரத்தில் ஊறிக்கொண்டிருக்கின்றன. அப்படியே மிக்சி ஜாரில் அள்ளிப்போட்டு, ஒரு டம்ளர் தண்ணீரை மொத்தமாக ஊற்றி, நிறுத்தாமல் ஓட்டுகிறார்கள். வழவழவென்று ஆனதும் அரைந்துவிட்டது என்று வழித்து எடுத்து வைத்துவிடுகிறார்கள். தொட்டுப் பார்த்தால் மாவு சுடுகிறது.

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. ஒரு வேளைச் சாப்பாட்டோடு போகிற தவறாக இருந்தால் விட்டுவிடலாம். இது நாலைந்து நாளுக்கான மாவு. அரிசி, விலை கூடிய உளுந்து, ஊறவைத்துக் காத்திருந்த நேரம் எல்லாம் ஒன்றாகப் போகிறது. இட்லி கல் மாதிரி வந்ததும் "வீட்டில் இதெல்லாம் சரிப்பட்டு வராது" என்று முடிவு கட்டி, மறுநாளே கடை மாவுக்குப் போய்விடுகிறார்கள். வேளச்சேரியில் தங்கியிருந்த ஒரு தம்பிக்கு அவன் அம்மா ஊரிலிருந்து உளுந்து அனுப்பியிருந்தார். கோவில்பட்டிப் பக்கம் சொந்தக் கரிசல் காட்டில் விளைந்தது. அந்த உளுந்தை இப்படி அரைத்து, பொங்கவில்லை என்று அத்தனையையும் சாக்கடையில் கொட்டியதாக அவன் சொன்னபோது எனக்கு மனசே ஆறவில்லை.

உளுந்துக்கு ஏன் இத்தனை கவனம் என்று கேட்கலாம். இட்லி உப்புவதற்கு மாவுக்குள் வாயு வேண்டும். உளுந்தோடு வருகிற லியூகோநாஸ்டாக் என்ற பாக்டீரியா மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை வெளிவிடுகிறது. அதைத் தப்பவிடாமல் பிடித்து வைப்பது உளுந்தின் புரதமும் கொழகொழப்பும்தான். பொறுமையாக அரைபட்டு நுரைத்த உளுந்தில் குமிழிகள் தங்கும். ஒரேயடியாகத் தண்ணீர் ஊற்றினால் நுரையே வராது. மிக்சிச் சூடு ஏறினால் பாக்டீரியா தளர்ந்துவிடும். அரிசியோடு சேர்த்து அரைத்தாலோ இரண்டுமே கெடும்: உளுந்து பந்தாகும் வரை ஓட்டினால் அரிசி கூழாகிவிடும், அரிசி ரவையாக இருக்கும்போது நிறுத்தினால் உளுந்து அரைகுறையாக நிற்கும்.

சரி, எப்படிச் செய்வது? கிரைண்டர் இருந்தால் 4 ஆழாக்கு இட்லி அரிசிக்கு 1 ஆழாக்கு உருட்டு உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம். மிக்சி என்றால் அரிசியை 3 ஆழாக்காகக் குறைத்துக்கொள்ளுங்கள்; மிக்சியில் உளுந்து அவ்வளவாகக் காணாது, அதாவது மாவு பெருகி வராது. அரிசி 4 மணி நேரம் ஊறட்டும். உளுந்தைத் தனியாக, ஒரு மணி நேரம் அல்லது ஒன்றரை மணி நேரம் ஊறவைத்தால் போதும். வெயில் காலத்தில் உளுந்தை ஃப்ரிட்ஜிலேயே ஊறவைத்து, அரைப்பதற்கும் குளிர்ந்த தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உளுந்து. கையால் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அரைக்க வேண்டும். கிரைண்டரில் 20 முதல் 25 நிமிடம் ஆகும். ஓரத்தில் ஒட்டியதை அவ்வப்போது தள்ளிவிடுங்கள். மிக்சியில் விட்டுவிட்டு ஓட்டுங்கள், இடையில் ஜார் ஆறட்டும். கடிகாரத்தை நம்பாமல் மாவைப் பாருங்கள். ஒரு சின்ன உருண்டையைக் கிண்ணத் தண்ணீரில் போட்டால் அது மிதக்க வேண்டும். மூழ்கினால் இன்னும் அரைக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த ஒரு சோதனையை மட்டும் யாராவது விடாமல் செய்தால் எனக்குச் சந்தோஷம்.

அப்புறம் அரிசியை நைசான ரவைப் பதத்தில் அரைத்து, கல் உப்புப் போட்டு, இரண்டையும் கையால் கலந்து, பாத்திரத்தில் பாதிக்கு மேல் போகாமல் வைத்து மூடுங்கள். சென்னையில் மே மாதம் என்றால் 6, 7 மணி நேரத்தில் பொங்கிவிடும். மார்கழியில் 12 மணி நேரம்கூட ஆகும். பொங்கிய மாவை அடித்துக் கலக்க வேண்டாம். இட்லி ஊற்ற, மாவை மேலாக அள்ளி எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் பொங்கவில்லை என்றால் உளுந்து பழசாக இருக்கலாம். நாள்பட்ட உளுந்து மங்கி மஞ்சளடித்திருக்கும். எவ்வளவு அரைத்தாலும் மாவு காணாது. ஆகவே ஒரு கிலோ வாங்குவதற்கு முன் கால் கிலோ வாங்கி அரைத்துப் பாருங்கள்.

இனி அந்தச் சோடா. போட்டால் இட்லி உப்பும், மறுக்கவில்லை. ஆனால் சோடாவின் காரத்தன்மை பி வைட்டமின்களில் ஒன்றான தயமினை அழித்துவிடும். போதாததற்குச் சோடியமும் கூடுகிறது. மாவு நன்றாகப் புளிக்கும்போது தானியத்தில் இரும்புச்சத்தைப் பிடித்து வைத்திருக்கும் பைட்டேட் என்ற பொருள் குறைந்து, இரும்புச்சத்து உடம்பில் சேர்வது எளிதாகிறது. இட்லியை நல்ல உணவாக்குவதே இந்தப் புளிப்புதான். சோடா அதற்கு மாற்றாகாது. பொங்காத மாவை இட்லியாக்கப் பாடுபடாதீர்கள், கொட்டவும் கொட்டாதீர்கள். சின்ன வெங்காயம், சீரகம், கறிவேப்பிலை, பச்சை மிளகாய் போட்டு ஊத்தப்பமாக ஊற்றுங்கள். பணியாரக் கல் இருந்தால் இன்னும் நல்லது. அந்தத் தம்பியின் கரிசல் உளுந்து அருமையான பணியாரமாகியிருக்கும்.

ஒரே நாளில் சிறுதானியத்துக்கு மாறுவது

2023-ஐச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக ஐ.நா. அறிவித்ததிலிருந்து சாமை, தினை, வரகு, குதிரைவாலி எல்லாம் மூலைக் கடையிலும் கிடைக்கின்றன. அது நல்லது. ஆனால் வீட்டிலிருக்கும் அரிசியை ஓரங்கட்டிவிட்டு, திங்கட்கிழமை முதல் எல்லாமே வரகு என்று தொடங்குபவர்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைக்குள் விட்டுவிடுகிறார்கள். வெறும் வரகில் ஊற்றிய இட்லி உதிரும், தொண்டையில் அடைக்கும். பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிடுவார்கள். அதோடு சிறுதானியம் என்ற பேச்சே வீட்டில் எடுபடாது.

இட்லி அரிசியில் பாதியை மட்டும் வரகாகவோ சாமையாகவோ மாற்றிப் பாருங்கள். இரண்டு மூன்று மாதம் போகட்டும். பொங்கலுக்குத் தினையும் சாமையும் நன்றாகப் பொருந்தும். அதில் மட்டும் முழுதாக மாற்றலாம். சிறுதானியமும் மாவுச்சத்துதான், கூடவே பருப்போ காயோ வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாமைச் சோற்றை இரண்டு மடங்கு சாப்பிட்டுவிட்டுச் சர்க்கரை குறையவில்லையே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

கேழ்வரகு மாவைக் கொதிக்கும் தண்ணீரில் கொட்டுவது

கூழுக்கு இப்படிச் செய்தால் கட்டி தட்டும், எவ்வளவு கிண்டினாலும் கரையாது. பச்சைத் தண்ணீரில் கரைத்து, அதைக் கொதிக்கிற தண்ணீரில் ஊற்றிக் கிண்டுங்கள். ஈரக் கையால் தொட்டால் ஒட்டாத பதம் வர வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அரிசியோ கோதுமையோ பக்கத்தில்கூட வராது. வேகாத மாவு வாடைக்காக அதை ஒதுக்கிவிடுவது பெரிய நஷ்டம்.

பொங்கலைக் கெட்டியாக இறக்குவது

அடுப்பில் இருக்கும்போது தளர்வாக இருக்க வேண்டும். தட்டுக்கு வருவதற்குள் தானாக இறுகும்.

இட்லியைச் சூட்டோடு பெயர்ப்பது

இரண்டு நிமிடம் பொறுங்கள்.

தோசைக்கு எண்ணெயே வேண்டாம் என்பது

ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெயால் யாருக்கும் எதுவும் ஆகிவிடாது. ருசியில்லாத தோசை சாப்பிட்டவர் பதினோரு மணிக்கு பிஸ்கட் தேடுவார்.

உப்புமாவை மட்டமாக நினைப்பது

"வேற எதுவும் இல்லையா, உப்புமாதானா?" என்ற பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய பள்ளிக் காலை உணவுத் திட்டத்தில் பிள்ளைகளுக்குப் போடுவதும் உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே காய்கறிச் சாம்பார்தான். சீக்கிரம் ஆகும், வயிறு நிறையும், காயும் பருப்பும் சேரும்.

உப்புமா கெட்ட பெயர் வாங்கியது செய்முறையால். ரவையை வாசம் வரும் வரை வறுப்பதில்லை, காய் போடுவதில்லை, தண்ணீர் தளதளவென்று கொதிப்பதற்குள் ரவையைக் கொட்டிவிடுகிறார்கள். வறுத்த ரவை ஒரு பங்கு என்றால் தண்ணீர் இரண்டரைப் பங்கு. கேரட், பீன்ஸ், பட்டாணி ரவைக்குச் சமமாக இருக்கட்டும். தூவிக் கிளறி, மூடி, சிறு தீயில் ஐந்து நிமிடம். இறக்கும்போது அரை மூடி எலுமிச்சை பிழிந்து பாருங்கள்.

தேங்காய்ச் சட்னியை மையாக அரைப்பது

எண்ணெய் பிரிந்துவிடும். பொட்டுக்கடலையை முதலில் பொடித்துவிட்டு, தேங்காயைக் கடைசியில் போட்டு இரண்டு சுற்று.

பழைய சோற்றை அசட்டையாக வைப்பது

இதை இப்போது ஆசையோடு பலரும் கேட்கிறார்கள், கேட்கட்டும். ஆனால் மதியம் முதல் வெளியே கிடந்த சோற்றில் இரவு தண்ணீர் ஊற்றி வைக்கிறார்கள். அப்படிக் கிடந்த சோற்றில் வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் பெருகும். இரவு வடித்த சோறு ஆறியதும் சுத்தமான பாத்திரத்தில் போட்டு, மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். மண்சட்டி இருந்தால் நல்லது. இளம் புளிப்பு வாசம்தான் வர வேண்டும். வேறு வாடை அடித்தாலோ நூல் மாதிரி இழுத்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். காலையிலேயே சாப்பிட்டுவிட வேண்டும், மதியத்துக்கு வைக்கக் கூடாது. மோரும் உப்பும் சேர்த்துக் கையால் பிசைந்து, சின்ன வெங்காயமோ சுட்ட மோர்மிளகாயோ கடித்துக்கொள்ளலாம். நீராகாரத்தைக் கீழே ஊற்றாமல் குடித்துவிடுங்கள்.