ரெயிலைப் பூட்டுவதற்கு முன்: வீட்டில் கட்டும் சிஎன்சி இயந்திரத்தில் நேர் பிடித்தல்

முதிரையிலும் தேக்கிலும் கதவு செதுக்கவென்று சொந்தமாகச் சிஎன்சி இயந்திரம் (கணினி சொல்லும் வழியில் தானே செதுக்கும் இயந்திரம்) கட்ட விரும்பும் நண்பர்கள், எந்த மோட்டார் நல்லது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். சட்டம் நேராக இருக்கிறதா என்று நான் திருப்பிக் கேட்பேன். ரெயில், அதாவது இயந்திரத்தின் நகரும் பகுதி ஓடும் தண்டவாளம், கடினமான உருக்குத்தான். ஆனாலும் போல்ட்டை இறுக்கியவுடன், தான் அமர்ந்திருக்கும் பரப்பின் வளைவை அப்படியே வாங்கிக்கொள்ளும்.

சட்டத்தைப் பொக்ஸ் பாரில் ஒட்டி, ரெயிலுக்கான துளைகளையும் போட்டுவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். தேவையானவை: டயல் கேஜ் (சிறு நகர்வை ஊசியால் காட்டும் கருவி), தங்கூசி (நைலோன் மீன்பிடி நூல்), ஒரே அளவான மூன்று 5 மில்லிமீற்றர் துளையூசிகள் (டிரில் பிட்), ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்). கடைசியானது கிளிநொச்சியில் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்கும். அலுமினிய மட்டப்பலகையை நம்பி ரெயிலை நேராக்க வேண்டாம். அது சீமெந்துப் பூச்சுக்குப் போதும், இதற்குப் போதாது.

முதலில் முறுக்கைப் பாருங்கள். ஒட்டு வேலையின் சூடு சட்டத்தை இழுத்துவிடும். ஒரு மூலையாவது ஏறி நிற்கும். நான்கு மூலைகளிலும் ஒரே தடிப்புள்ள துண்டுகளை வைத்து, மூலைக்கு மூலை இரண்டு தங்கூசிகளை இழுங்கள். ஒவ்வொன்றின் நுனியிலும் தண்ணீர் நிரப்பிய ஒன்றரை லீற்றர்ப் போத்தலைத் தொங்கவிட்டால் இரண்டும் ஒரே அளவு தொய்யும். தொய்வு கணக்கிலிருந்து விலகிவிடும். நூல்களை மேல் கீழ் மாற்றி இரண்டு முறை பாருங்கள். இரு முறையும் நடுவில் ஒரே அளவு அழுத்தித் தொட்டால் முறுக்கு இல்லை. நடுவில் உயர வேறுபாடு அரை மில்லிமீற்றர் என்றால், ஏதோ ஒரு மூலை 1 மில்லிமீற்றர் விலகியிருக்கிறது. கால்களுக்கு அடியில் போல்ட்டும் நட்டும் வைத்திருந்தால் பெரும்பகுதியை அங்கேயே சரிசெய்யலாம். மிச்சத்துக்கு ரெயிலின் கீழ் மெல்லிய பித்தளைத் தகடு. சோளகக் காற்று வீசும் மாதங்களில் நூல் நிற்கவே நிற்காது. கதவுகளை மூடிவிட்டுச் செய்யுங்கள்.

எபொக்சிப் பிசினை ஊற்றி, அது தானே பரவி இறுகும்படி விட்டு மட்டம் பிடிக்கும் முறையும் நல்லது. இரண்டு ரெயில்களின் தடங்களையும் ஒரு வாய்க்காலால் இணைத்தால்தான் இரண்டும் ஒரே மட்டத்துக்கு வரும். நம் வெயிலில் எபொக்சி விரைவாக இறுகிவிடும். மெதுவாக இறுகும் வகையை வாங்கி விடியற்காலையில் ஊற்றுங்கள்.

அடுத்தது முதன்மை ரெயில். எனக்கு அதிக நேரம் பிடித்த படி இதுதான், ஆகவே விரிவாகச் சொல்கிறேன். ரெயிலில் ஓடும் பிளொக்கில் டயலைப் பூட்டி அதே ரெயிலை அளந்தால் ஊசி அசையாது. வளைவோடு பிளொக்கும் சேர்ந்தே போகிறது. வெளியிலிருந்து ஒரு நேர்கோடு வேண்டும், அதற்கும் தங்கூசிதான். ரெயிலின் பக்கவாட்டில், இரு முனைகளிலும் ஒவ்வொரு துளையூசியை இடையில் வைத்து நூலை இழுங்கள். மூன்றாவது துளையூசியை ஒவ்வொரு போல்ட்டின் அருகிலும் நூலுக்கும் ரெயிலுக்கும் இடையே நுழைத்துப் பாருங்கள். நூல் விலகினால் ரெயில் அங்கே புடைத்திருக்கிறது. இடைவெளி தெரிந்தால் உள்வாங்கியிருக்கிறது. பின்னால் வெள்ளைத் தாள் வைத்து, கைபேசிக் கமராவில் பெரிதாக்கிப் பார்த்தால் தெளிவாகத் தெரியும். 15 மில்லிமீற்றர் ரெயிலில் 4 மில்லிமீற்றர் போல்ட்டுக்கு 4.5 மில்லிமீற்றர் துளை இருக்கிறது. ஆகவே இரு பக்கமும் கால் மில்லிமீற்றர் அளவு நகர்த்த இடமுண்டு. கிளாம்பால் தள்ளி, நடுவிலிருந்து முனைகளை நோக்கி இறுக்குங்கள். உயரத்துக்கு இந்த ஒற்றை நூலைப் பயன்படுத்த வேண்டாம். அது கீழ்நோக்கித் தொய்ந்துதான் இருக்கும்.

இரண்டாவது ரெயில் எளிது. போல்ட்டுகளைத் தளர்வாக விட்டு, நான்கு பிளொக்குகளையும், இரு ரெயில்களையும் குறுக்கே இணைக்கும் மேற்பாலத்தோடு பூட்டுங்கள். பாலத்தை ஒரு முனையிலிருந்து மெதுவாகத் தள்ளி, பிளொக் கடந்த இடத்துப் போல்ட்டை உடனே இறுக்கிக்கொண்டே போங்கள். பிளொக்கை ரெயிலிலிருந்து கழற்றும்போது அதனுடன் வந்த பிளாஸ்டிக் துண்டுக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் உள்ளேயுள்ள குண்டுகள் சிதறும்.

நான் உருக்குச் சட்டத்தின் பக்கம். தகரக் கூரையின் கீழ் காலைக்கும் நண்பகலுக்கும் 10 பாகை வேறுபட்டால், 1 மீற்றர் அலுமினியம் உருக்கைவிட ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர் கூடுதலாக நீளும். அது ரெயிலையே வளைக்கப் போதும்.

பின்சேர்க்கை: எல்லாம் செய்தும் பாலம் ஒரு முனையில் இறுகுகிறது என்று முல்லைத்தீவு வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். இரண்டாவது ரெயிலின் போல்ட்டுகளை அந்த முனையில் மட்டும் தளர்த்துங்கள். ஓட்டம் இலகுவானால் ரெயில்கள் இணையாக இல்லை. கடைசிப் படியைத் திரும்பச் செய்யுங்கள். அப்போதும் இறுகினால் உயர வேறுபாடுதான். நூல்களை மீண்டும் மூலைக்கு மூலை இழுக்க வேண்டும். கடற்கரைக்கு அருகில் வேலை செய்பவர்கள் ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் மரத்தூளைத் துடைத்து ரெயிலில் எண்ணெய் பூசிவிடுங்கள்; உப்புக் காற்றில் துரு மிக விரைவாக ஏறும்.