எக்ஸ்கவேட்டருக்கு எடை குறைந்த, கழற்றி மாட்டும் கை: முதல் கணக்கிலிருந்து வெல்டிங் வரை

எக்ஸ்கவேட்டர் கையின் நுனியில் ஒரு கிலோ குறைத்தால், அந்த ஒரு கிலோவுக்கு மண்ணைக் கூடுதலாக அள்ளலாம். கையைத் துண்டுகளாகக் கழற்ற முடிந்தால் இன்னும் நல்லது. சிங்கப்பூரில் சைட்டுகள் நெருக்கமானவை. லாரியில் ஏற்றிய சுமை 4.5 மீட்டர் உயரத்தைத் தாண்டினால் தனி அனுமதி, துணை வாகனம் என்று வேலை கூடிவிடும். ஜூரோங், துவாஸ் பக்கம் ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில் இருப்பவர்களையும் பாலிடெக்னிக் மாணவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். ஒரு கால்குலேட்டர் இருந்தால் போதும்.

படி 1: எந்தெந்த விசை வருகிறது?

பக்கெட்டில் இருக்கும் மண்ணின் எடையை மட்டும் பார்த்தால் போதாது. 100 மிமீ உள்விட்டமுள்ள சிலிண்டரில் 350 பார் அழுத்தம் ஏறினால் அது ஏறக்குறைய 275 கிலோநியூட்டன், அதாவது 28 டன் விசையோடு தள்ளும். பக்கெட்டின் ஓரப் பல் பாறையில் சிக்கினால் கை முறுக்கப்படும். வண்டி சுழன்று நிற்கும்போது பக்கவாட்டில் இழுபடும். இவற்றைத் தனித்தனியாக எழுதி வையுங்கள். முறுக்கைத் தாங்குவதற்காகத்தான் கைகளை மூடிய பெட்டி வடிவத்தில் செய்கிறார்கள். ஐ வடிவ பீம் முறுக்குக்கு மிகவும் பலவீனமானது.

படி 2: வளைக்கும் மொமென்ட் (விசையைத் தூரத்தால் பெருக்கினால் வருவது)

3 மீட்டர் நீளக் கையின் நுனியில் 2 டன் சுமை, சுமார் 20 கிலோநியூட்டன். அசைவு, குலுக்கலுக்காக 1.5 மடங்கு எடுத்தால் 30. கையின் அடிப்பகுதி இறுகப் பிடிக்கப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் அங்கே பின்னும் (pin, துளையில் நுழைக்கும் உருளைக் கம்பி) சிலிண்டரும் இருக்கும். அதைப் பிறகு சேர்க்கலாம். கையின் சொந்த எடையையும் முதல் கணக்கில் விட்டுவிடலாம். அடியில் மொமென்ட் 30 × 3 = 90 கிலோநியூட்டன் மீட்டர். நடுவில் 45. நுனியில் பூஜ்யம். அதனால் கை நுனியை நோக்கிக் குறுகிக்கொண்டே போகலாம்.

படி 3: பெட்டியின் அளவு

எடை குறைவது இந்த இடத்தில்தான், அதனால் நிதானமாகப் போவோம். பெட்டியின் வெளி அகலத்தை வெளி உயரத்தின் மும்மடியால் பெருக்குங்கள். உள் அளவுகளுக்கும் அப்படியே செய்து கழியுங்கள். விடையை 12ஆல் வகுத்து, பிறகு பாதி உயரத்தாலும் வகுங்கள். மொமென்ட்டை (90 கிலோநியூட்டன் மீட்டர் என்பது 9 கோடி நியூட்டன் மில்லிமீட்டர்) அந்த எண்ணால் வகுத்தால் வெளி விளிம்பில் வரும் தகைவு, அதாவது ஒரு சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை நியூட்டன் (மெகாபாஸ்கல்) என்பது கிடைக்கும்.

முதலில் 200 மிமீ அகலம், 300 மிமீ உயரம், 10 மிமீ பிளேட். தகைவு 112 மெகாபாஸ்கல், எடை மீட்டருக்கு 75 கிலோ. இப்போது உயரத்தை 400 ஆக்கி, பிளேட்டை 6 மிமீ ஆக்குங்கள். தகைவு 119, எடை மீட்டருக்கு 55 கிலோ. தகைவு அதிகம் மாறவில்லை, ஆனால் கால்பங்குக்கு மேல் எடை போய்விட்டது. நுனி கீழே இறங்குவதும் ஏறக்குறைய 10.6 மிமீயிலிருந்து 8.5க்குக் குறைகிறது. லேசான கைதான் விறைப்பாகவும் இருக்கிறது. உயரம் மும்மடியாகக் கணக்கில் வருவதன் பலன் இது.

அப்படியென்றால் 3 மிமீ பிளேட் போடலாமே? கூடாது. சுமை தொங்கும்போது அமுக்கம் வாங்கும் கீழ்த் தகடு மெலிந்தால் நெளிந்துவிடும். நம் பெட்டியில் அந்தத் தகட்டின் உள் அகலம் 188, கனம் 6, வகுத்தால் 31. எஸ்355 எஃகுக்கு (எண் அதன் பலத்தை மெகாபாஸ்கலில் சொல்கிறது) யூரோகோட் 3 என்ற ஐரோப்பிய எஃகு வடிவமைப்பு விதிப்படி 34 வரை போகலாம். ஆக, 6 மிமீ கிட்டத்தட்ட எல்லையில்தான் நிற்கிறது.

படி 4: எஃகு

“இன்னும் பலமான எஸ்690 எஃகு போட்டால்?” என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். எந்த எஃகானாலும் விறைப்பு ஒன்றேதான், சுமார் 210 கிகாபாஸ்கல். நுனி அதே அளவுதான் இறங்கும். எஸ்690இன் முழுப் பலத்தையும் பயன்படுத்த வேண்டுமானால் அந்த 34 என்ற எல்லை 24 ஆகச் சுருங்கிவிடும். மெல்லிய தகட்டில் அதன் பலம் வீணாகும். தொடக்கக்காரர்களுக்கு எஸ்355 போதும்.

படி 5: எங்கே வெட்டுவது?

மாட்டும் இடத்தில் எப்போதும் எடை கூடும். அதனால் மொமென்ட் குறைவாக இருக்கும் இடத்தில் வெட்டுங்கள். நடுவில் 45தானே. அங்கே மேல் பின்னுக்கும் கீழ்ப் பின்னுக்கும் இடைவெளி 300 மிமீ என்றால் மேலே 150 கிலோநியூட்டன் இழுவை வரும். இடது வலது காதுகளுக்கு (பின் நுழையும் துளையுள்ள தகடுகள்) தலா 75. 40 மிமீ பின் இரண்டு வெட்டுமுகங்களில் தாங்கும்போது தகைவு 30 மெகாபாஸ்கல்தான். பின் பிரச்சினை தராது. அந்தக் காதை 6 மிமீ தகட்டில் ஒட்டும் வெல்டிங்தான் கவனிக்க வேண்டியது. காதின் வாலை நீளமாக, மீன்வால் போலப் பிளந்து முடியுங்கள். விசை மெல்லப் பரவும்.

போல்ட் போட்ட ஃபிளாஞ்சும் (முனையில் ஒட்டும் இணைப்புத் தகடு) உண்டு, ஆனால் அதற்குக் கனமான பிளேட் வேண்டும், இறுக்குவதற்கு டார்க் ரென்ச் வேண்டும். சைட்டில் அடிக்கடி கழற்றுவதற்கு நான் பின்னைத்தான் சொல்வேன். கிராலர் கிரேன்களின் லாட்டிஸ் பூம் (கம்பிப் பின்னல் போன்ற நீண்ட கை) துண்டுகளையும் பின் போட்டுத்தான் இணைக்கிறார்கள். பின்னுக்கான துளைகளை வெல்டிங் முடிந்த பிறகு, எல்லாத் துண்டுகளையும் ஒரே ஜிக்கில் (அசையாமல் பிடிக்கும் சட்டம்) பிடித்து, குடையுங்கள். வெல்டிங் சூட்டில் தகடு இழுத்துக்கொள்ளும். முன்பே துளை போட்டால் சைட்டில் பின் ஏறாது.

படி 6: வெல்டிங் எத்தனை சுற்று தாங்கும்?

வரும் தகைவு 119, எஃகு நிரந்தரமாக நீளத் தொடங்குவது 355இல். மூன்று மடங்கு பத்திரம் என்று இங்கே நின்றுவிடாதீர்கள். கை ஒரு நாளில் ஆயிரம் தடவைக்கு மேல் வளைந்து நிமிர்கிறது. ஒரு தடவை என்பது ஒரு சுற்று. ஹோஸ் பிடிக்க ஒரு சின்ன பிராக்கெட்டை, அதிகமாக இழுபடும் விளிம்பில் குறுக்காக வெல்டிங் செய்கிறீர்கள் என்று வையுங்கள். அத்தகைய இணைப்புக்கு யூரோகோடில் 20 லட்சம் சுற்றுக்கு 80 மெகாபாஸ்கல். தகைவு ஏறினால் ஆயுள் அதன் மும்மடியில் குறையும், அதனால் 119 என்றால் சுமார் 6 லட்சம் சுற்று. 20 விநாடிக்கு ஒரு சுற்று, நாளுக்கு 8 மணி நேரம் என்றால், எல்லாச் சுற்றும் முழுச் சுமையோடு போனால், ஏறக்குறைய 420 வேலை நாள். அதற்குப் பிறகு விரிசலை எதிர்பார்க்கலாம். எஸ்690 போட்டாலும் இதே கணக்குதான். வெல்டிங்குக்கு எஃகின் தரம் உதவாது.

அதே பிராக்கெட்டைப் பக்கத்தகட்டில், விளிம்புக்கும் நடுக்கோட்டுக்கும் பாதியில் வையுங்கள். தகைவு பாதியாகும், ஆயுள் எட்டு மடங்காகும். ஒரு கிராம்கூட எடை கூடாது. வரைபடத்திலேயே “இந்த விளிம்பில் வெல்டிங் கூடாது” என்று எழுதிவிடுங்கள். சைட்டில் அவசரத்துக்கு ஏதாவது ஒட்டிவைக்கும் பழக்கம் எங்கும் இருக்கிறது.

படி 7: சரிபார்ப்பு

அடுத்து கணினியில் மாதிரி செய்து, காது ஒட்டும் இடத்தைக் கூர்ந்து பாருங்கள். கையை நீட்டினால் வண்டி கவிழும் எல்லையும் மாறும்: ஐஎஸ்ஓ 10567 விதிப்படி தூக்கும் அளவு, கவிழ்க்கும் சுமையில் 75 சதவீதத்தையும் ஹைட்ராலிக் திறனில் 87 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. பெட்டியை முழுதாக மூடி ஒட்டுங்கள். நம் ஊர் ஈரத்தில் உள்ளே தண்ணீர் தங்கினால் 6 மிமீ தகடு சீக்கிரம் மெலியும்.

இந்தக் கணக்கு கற்றுக்கொள்வதற்கு மட்டும். உண்மையான வண்டியில் மாட்டும் முன் நிபுணத்துவப் பொறியாளர் ஒருவர் வடிவமைப்பைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அந்த வண்டியால் சுமை தூக்குவதாக இருந்தால், மனிதவள அமைச்சு அங்கீகரித்த பரிசோதகரிடமும் காட்டுங்கள். முதல் மாத வேலைக்குப் பிறகு பின்களைக் கழற்றி, காதுகளின் வெல்டிங் ஓரங்களில் டை பெனிட்ரன்ட் (விரிசலுக்குள் புகுந்து அதைக் காட்டும் சாயம்) அடித்து விரிசல் தேடுங்கள்.