பழைய விமானங்கள் பறப்பதைப் பார்க்க: ஓல்டு வார்டனுக்கு முதல் முறை போகிறவர்களுக்கு

பழைய விமானங்களைப் பெரும்பாலான அருங்காட்சியகங்களில் கூரையிலிருந்து தொங்கவிட்டிருப்பார்கள். இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட்ஷயரில், ஓல்டு வார்டன் என்ற சிற்றூரில் உள்ள ஷட்டில்வொர்த் தொகுப்பில் அவற்றை இன்றும் பறக்கவிடுகிறார்கள், அதுவும் புல்தரையிலிருந்து. லண்டனிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பலாம். ஒன்றை மட்டும் முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: அங்கே எல்லாவற்றையும் முடிவு செய்வது காற்று.

1. நாள் பாருங்கள்

கல்யாணத்துக்கு முகூர்த்தம் பார்ப்பதைப் போல இதற்கும் நாள் பார்க்க வேண்டும். சாதாரண நாளில் போனால் ஹேங்கர்களை, அதாவது விமானங்களை நிறுத்திவைக்கும் கொட்டகைகளை, நிதானமாகச் சுற்றிப் பார்க்கலாம். விமானம் பறக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பறக்கும் நிகழ்ச்சிகள் ஏறக்குறைய மே முதல் அக்டோபர் வரை நடக்கின்றன. சில பகலோடு முடிந்துவிடும், சில மாலை வரை நீளும். கோடையில் வரும் மாலை நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுங்கள்.

காரணம் இருக்கிறது. இங்குள்ள பிளேரியோ விமானம் 1909-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதே ஆண்டு ஜூலை 25 அன்று லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைக் கடந்தது இதே ரக விமானத்தில்தான். மரச்சட்டம், மேலே துணி, 25 குதிரைத்திறன் எஞ்சின். விமானத்தைச் சாய்க்கக் கம்பியை இழுத்து இறக்கையையே முறுக்க வேண்டும். கொஞ்சம் காற்றடித்தாலும் இதை வெளியே எடுக்க மாட்டார்கள். பொழுது சாயும்போது தரையோரக் காற்று அடங்கும். ஜூன் மாதத்தில் அங்கே சூரியன் மறைய இரவு ஒன்பது மணியைத் தாண்டிவிடும். அதனால் மிகப் பழைய விமானங்கள் பெரும்பாலும் கடைசியில்தான் வரும்.

முதல் முறை போனபோது இது எனக்குத் தெரியாது. வெளியேறும் கார் வரிசையில் சிக்கக் கூடாது என்று நிகழ்ச்சி முடியும் முன்பே கிளம்பிவிட்டேன். கார் கதவைத் திறக்கும்போது, பின்னாலிருந்து நிறுத்தி நிறுத்தி இருமுவதுபோல ஒரு எஞ்சின் சத்தம். வேலிக்கு அந்தப் பக்கம் பிளேரியோ. சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு வீடு வந்து சேர்ந்தேன்.

2. டிக்கெட்

முன்கூட்டியே இணையத்தில் வாங்கிவிடுங்கள். வானிலையால் நிகழ்ச்சி ரத்தானால் பணம் என்னவாகும் என்பதையும் வாங்கும்போதே படித்துவிடுங்கள்.

3. போய்ச் சேர்வது

ரயிலில் போனால் பிகிள்ஸ்வேட் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து சில மைல் டாக்சியில் போக வேண்டும். திரும்பி வரும் டாக்சிக்கும் காலையிலேயே சொல்லிவைத்துவிடுங்கள். கிராமம், இரவு நேரம். கை காட்டினால் நிற்க வண்டி வராது. காரில் வந்தால் ஏ1 நெடுஞ்சாலை பக்கத்தில்தான் இருக்கிறது.

4. பையில் என்ன

மடக்கு நாற்காலி, தொப்பி, ஸ்வெட்டர், மழைக்கோட்டு. ஜூலைதானே என்று ஸ்வெட்டரை விட்டுவிட்டுப் போகாதீர்கள்; திறந்த வெளியில் மாலைக் குளிர் எலும்பைத் தொடும். எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் போதும், அதற்கு மேல் போனால் கை நடுக்கம்தான் பெரிதாகத் தெரியும். குழந்தைகளுக்குக் காதுமூடி கட்டாயம். சாப்பாட்டுக்குப் புளியோதரை. நாள் முழுக்கக் கெடாது.

5. முதலில் ஹேங்கர்

போனதும் புல்தரையில் நாற்காலியைப் போட்டு இடம் பிடித்துவிட்டு ஹேங்கர்களுக்குள் நுழைந்துவிடுங்கள். அன்று பறக்கப்போகும் விமானங்களை வெளியே தள்ளிக்கொண்டு போவதற்குள் பக்கத்தில் நின்று பார்க்கலாம். இரண்டாம் உலகப் போர்க்காலப் போர்விமானமான ஸ்பிட்ஃபயரைச் சுற்றி எப்போதும் கூட்டம் இருக்கும். அதை வேறு இடங்களிலும் பார்க்கலாம் என்பதால், எனக்கு நேரம் குறைவென்றால் தாண்டிப் போய்விடுவேன்.

நின்று பார்க்க வேண்டியவை வேறு. 1912-ஆம் ஆண்டின் பிளாக்பர்ன் விமானத்தை ரிச்சர்டு ஷட்டில்வொர்த் 1937-இல் கண்டெடுத்தபோது அது வைக்கோற்போரில் பாதி புதைந்து கிடந்தது. சிவப்பு நிறக் காமெட் விமானம் 1934-இல் இங்கிலாந்தின் மில்டன்ஹாலிலிருந்து மெல்போர்னுக்கு நடந்த பந்தயத்தில் 71 மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்து வென்றது. வழியில் அது இறங்கிய ஊர்களில் அலகாபாத்தும் ஒன்று. இந்தத் தொகுப்பைத் தொடங்கிய ஷட்டில்வொர்த், விமானப் படையில் பயிற்சியின்போது 1940-இல் விபத்தில் இறந்தார். வயது 31. தொகுப்பு கலைந்துபோகாமல் அறக்கட்டளை அமைத்துக் காத்தவர் அவருடைய தாய்.

6. மூக்கையும் காதையும் திறந்து வையுங்கள்

முதல் உலகப் போர்க்கால விமானம் ஒன்றைக் கிளப்பும்போது தடுப்புக் கயிற்றை ஒட்டி நில்லுங்கள். அவ்ரோ 504 கிடைத்தால் நல்லது. அதன் எஞ்சினில் ஒரு விசித்திரம் உண்டு. நம் கார் எஞ்சினில் உருளைகள் அசையாமல் இருக்க, நடுத்தண்டு சுழலும். இதில் நடுத்தண்டை விமானத்தோடு சேர்த்து முடுக்கியிருப்பார்கள். உருளைகள் எல்லாம் புரொப்பல்லரோடு சேர்ந்து சுற்றும். சுற்றுகிற வேகத்திலேயே காற்றுப் பட்டு எஞ்சின் குளிர்ந்துவிடும்.

மசகுக்கு ஊற்றுவது விளக்கெண்ணெய். பெட்ரோலோடு எளிதில் கரையாது என்பதால் அன்றைய பொறியாளர்கள் ஆமணக்கைத் தேடிப் போனார்கள். போன எண்ணெய் திரும்பி வராது, புகையோடு வெளியே தெறிக்கும். அந்த வாசனை கூட்டத்தின் மேல் வந்து படியும்போது பக்கத்தில் இருப்பவர்கள் ஆகா என்பார்கள். வெறும் வயிற்றில் பாட்டி ஒரு கரண்டி ஊற்றிய ஞாபகம் உள்ளவர்களுக்கு வயிறுதான் கலங்கும். அக்கால விமானிகளுக்கும் அதே கதிதான் என்று சொல்வார்கள்.

தரையிறங்கும்போது சத்தத்தைக் கவனியுங்கள். எஞ்சின் நிற்கும், உறுமும், மறுபடி நிற்கும். பழுது என்று பயப்பட வேண்டாம். இந்த எஞ்சினின் வேகத்தை நம் வண்டியைப்போல நயமாகக் குறைக்க முடியாது. அதனால் விமானி ஒரு பொத்தானை அழுத்தித் தீப்பொறியை நிறுத்தி நிறுத்தி விடுகிறார்.

7. படம் எடுக்கிறீர்களா

ஷட்டர் வேகத்தை நொடியில் 250-இல் ஒரு பங்குக்கு மேல் ஏற்றாதீர்கள். ஏற்றினால் புரொப்பல்லர் உறைந்து, படத்தில் விமானம் நூலில் கட்டித் தொங்கவிட்ட பொம்மைபோலத் தெரியும். வேகத்தைக் குறைத்தால் பத்துக்கு எட்டுப் படம் கலங்கலாகத்தான் வரும். டிரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

8. கடைசியில், துணிப்பை

காற்றின் திசை காட்டக் கம்பத்தில் ஒரு துணிப்பை கட்டியிருப்பார்கள். மாலை ஏழு மணிக்கு மேல் அதன் மேல் ஒரு கண் இருக்கட்டும். கொடியில் காயப்போட்ட ஈரத்துணிபோலத் தொங்கினால் இடத்தை விட்டு எழாதீர்கள். சற்று நேரத்தில் பிளேரியோவைத் தள்ளிக்கொண்டு வரக்கூடும். அது வானத்தில் வட்டமெல்லாம் அடிக்காது. புல்லுக்குச் சற்று மேலே நேர்கோட்டில் ஒரு தத்துத் தத்தி இறங்கிவிடும், அவ்வளவுதான். துணிப்பை விறைத்து நின்றால் அன்றைக்கு அதற்கு ஹேங்கர்தான். அந்த ஒரு நாளில் மட்டும், கார் வரிசைக்கு முன்பே நீங்கள் தாராளமாகக் கிளம்பலாம்.