தோல் சீட்டின் பளபளப்பு அழுக்குதான்

என் காரின் ஓட்டுநர் சீட்டில் ஏறி இறங்கும் பக்கம் மட்டும் பளபளவென்று ஆகியிருந்தது. புதுத் தோல் பெரும்பாலும் மங்கலாகத்தான் இருக்கும். அந்த மினுமினுப்பு உடம்பு எண்ணெயும் வியர்வையும் தூசியும் சேர்ந்து படிந்தது. இப்போதைய கார்களில் பெரும்பாலான தோல் சீட்டுகளின் மேல் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகைப் பூச்சு உண்டு. நாம் சுத்தம் செய்வது அந்தப் பூச்சைத்தான்.

முதலில் தையல் இடுக்குகளில் வாக்குவம் போட்டேன். அங்கே மணல் இருந்தால் தேய்க்கும்போது உப்புத்தாள் மாதிரி கீறிவிடும். அப்புறம் தோலுக்கென்றே உள்ள கிளீனரை மென்மையான பிரஷ்ஷில் விட்டு, கண்ணில் படாத ஒரு மூலையில் சோதித்தேன். நிறம் போகவில்லை. சரி என்று உள்ளங்கை அகலம் உள்ள இடமாக எடுத்து, அழுத்தாமல் வட்டமாகத் தேய்த்தேன். வெள்ளை நுரை கண்ணெதிரே பழுப்பானது. அது காய்வதற்குள் மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிட வேண்டும். விட்டால் அழுக்கு மறுபடி தோலின் வரிகளிலேயே உட்கார்ந்துகொள்ளும். துளையிட்ட தோலில் நேரடியாக ஸ்ப்ரே அடிக்கவே கூடாது, ஈரம் உள்ளே ஸ்பாஞ்சுக்கு இறங்கும்.

நிழலில் நன்றாக உலரவிட்டு, நீர் அடிப்படையிலான பாதுகாப்புப் பூச்சை மெல்லிசாகத் தடவினேன். எண்ணெய்ப் பசையுள்ள பாலிஷ் எனக்குப் பிடிக்காது. பாலியூரித்தேன் பூச்சைத் தாண்டி அது அதிகம் இறங்காது, மேலேயே நின்று தூசியை இழுக்கும். ஜீன்ஸின் நீலச் சாயம் பிடிப்பதும் இந்தப் பாதுகாப்புப் பூச்சு இருந்தால் குறைகிறது, அடுத்த முறை வெறும் ஈரத்துணியே போதுமாக இருந்தது.